பந்தியிலிருந்து எழுந்த பேதுருவும் எங்கள் வீட்டுப் பால்காய்ச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் அடுத்தடுத்து வந்த இரண்டு கடிதங்களைப் படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். முழுசாகப் போட இடம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்களாவது படியுங்கள்.

முதல் கடிதம் எழுதியவர், இயேசுவை நம்புகிறவன் சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாக ஆசரிக்க வேண்டும், பன்றி தொடக்கூடாது, செதிலும் சிறகும் இல்லாத மீன் எதுவும் ஆகாது, மோசேயின் நியாயப்பிரமாணம் இன்றும் செல்லும் என்கிறார். (இறால், நண்டு, கணவாய், சிப்பி எல்லாம் இதில் போய்விடும். குளச்சல், கடியபட்டணம் பக்கம் போய் ஒருமுறை சொல்லிப் பாருங்கள் ஐயா, பதில் உடனே கிடைக்கும்.) இரண்டாமவர் பதிலுக்கு ஒரே போடாகப் போட்டுவிட்டார். அது யூதர்களின் பழைய சட்டமாம், சிலுவையோடு முடிந்துவிட்டதாம், அதன்பிறகும் அதைப் பிடித்துத் தொங்கியவர்கள் குருடர்களாம். இரண்டு பேரும் வசனத்துக்கு வசனம் எடுத்து வீசியிருக்கிறார்கள். ஆனால் அந்த முதல் நூற்றாண்டுச் சண்டை எங்கே, எதைப் பார்த்துக் கிளம்பியது என்பதை இரண்டு பேருமே தொடவில்லை. அது ஒரு பந்திச் சண்டை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதுதான் விஷயம். நம் குமரி மாவட்டத்துக்காரனுக்கு இதைப் புரியவைக்க பெரிய வேதசாஸ்திரப் படிப்பு எதுவும் தேவையில்லை.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் தம்பியின் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. என் அக்காள் மகன் இரண்டு வருஷமாக ஒரு புதிய ஐக்கியத்துக்குப் போகிறான், அங்கே சனிதான் ஆராதனை. நல்ல பையன், குடி கிடையாது, கடன் கிடையாது, அம்மாவைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறவன், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெபம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தோம். அவன் எனக்கு அடுத்த இலை. கோழியும் மரச்சீனியும் வந்தவரை ஒன்றும் இல்லை. பன்றிக்கறி வாளியோடு ஒருவர் வந்து, இவன் வேண்டாம் என்று கை காட்டியதும் தாண்டிப்போய் அடுத்த இலையில் ஒரு கரண்டி வைத்தார். அவ்வளவுதான், இவன் எழுந்துவிட்டான். "மாமா, நான் வாறேன்" என்று மட்டும் சொன்னான். அக்கா ஓடிவந்து, "மக்களே, ஒனக்க எலையில வைக்கமாட்டாவ, இருந்து தின்னுட்டுப் போ" என்று கையைப் பிடித்துப் பார்த்தாள். கேட்கவில்லை. அவன் இலை மடிக்காமல் அப்படியே கிடந்தது. அதற்கப்புறம் அந்த வரிசையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

சரி, இப்போது அந்தியோகியாவுக்கு வாருங்கள். இன்றைய துருக்கியின் தெற்கு ஓரத்தில், ஒரோந்தஸ் ஆற்றங்கரையில் இருந்த பெரிய பட்டணம். கிறிஸ்தவர்கள் என்ற பெயரே முதன்முதலாக அங்கேதான் வழங்கியது என்று அப்போஸ்தலர் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. யூதர்களும் யூதரல்லாதவர்களும் ஒரே சபையில் இருந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இயேசுவின் முக்கியச் சீடரான பேதுரு அங்கே வந்தபோது அவரும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து சிலர் வந்து இறங்கியதும் மெதுவாக விலகிவிட்டார். பேதுருவைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், கடைசியில் பர்னபாவும் 'இழுப்புண்டான்' என்கிறார் அங்கே இருந்த அப்போஸ்தலர் பவுல். பர்னபா யார்? பவுலை யாரும் நம்பாத காலத்தில் கையைப் பிடித்து எருசலேமில் அப்போஸ்தலர்களிடம் அழைத்துப் போனவர், யூதரல்லாதவர்களிடம் பவுலோடு ஊர் ஊராக நடந்தவர். அவரே எழுந்துவிட்டார் என்றால் அந்தப் பந்தியில் மிச்சம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பவுல் எல்லாருக்கும் முன்னால் பேதுருவிடம் முகமுகமாய் எதிர்த்தார். கலாத்தியர் 2ஆம் அதிகாரம், அவர் கைப்பட்ட கடிதம், கேள்விப்பட்ட கதை அல்ல.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. தான் என்ன கேட்டேன் என்று பவுல் எழுதுகிறார், பேதுரு என்ன பதில் சொன்னார் என்று எழுதவே இல்லை. பேதுரு ஒத்துக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தால் அதை ஒரு வரி எழுதாமல் விடுகிற ஆளா பவுல்? அன்றைக்கு அந்த வாதத்தில் பவுல் தோற்றுப்போயிருக்கலாம் என்று பல அறிஞர்கள் நினைப்பது இதனால்தான், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பிற்காலத்துப் பெரியவர்களுக்கு இது ரொம்ப சங்கடமாகவே இருந்தது. இரண்டு தூண்கள் இப்படிப் பந்தியில் மோதலாமா? நான்காம் நூற்றாண்டின் கடைசியில் பெத்லகேமில் இருந்த ஜெரோம், அது இரண்டு பேரும் ஜனங்களுக்குப் பாடம் புகட்டப் பேசிவைத்துப் போட்ட நாடகம் என்று எழுதினார். ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தில் இருந்த அகுஸ்தீனுக்கு இது பொறுக்கவில்லை. பவுல் நாடகத்தை நிஜம்போல எழுதினார் என்றால் வேதத்தில் பொய் இருக்கிறது என்றாகிவிடுமே என்று கடிதம் எழுதினார். முதல் கடிதம் போய்ச் சேரவே இல்லை. அடுத்த கடிதம் ஜெரோமுக்குக் கிடைக்கும் முன்னால் இத்தாலியில் நாலுபேர் கையில் சுற்ற ஆரம்பித்துவிட்டது, கிழவருக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். வாசகர் கடிதத்தில் இரண்டு பேர் மோதிக்கொள்வது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

இரண்டாவது கடிதக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். குருடர்கள் என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சண்டையில் இருந்த பவுல், பேதுரு, யாக்கோபு, பர்னபா நாலு பேரும் யூதர்கள்தான். எட்டாம் நாளில் விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கும் சடங்கு) பெற்றவன், பென்யமீன் கோத்திரத்தான், பரிசேயன் என்று பவுலே பிலிப்பியருக்கு எழுதும்போது அடுக்குகிறார். அந்தச் சட்டத்தை ஏன் அவர்கள் அவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள் என்று தெரியுமா? அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்னால், கி.மு. 167 வாக்கில், அந்தியோகஸ் எபிபானஸ் என்ற ராஜா விருத்தசேதனத்துக்குத் தடை போட்டான். பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்த தாய்மாரைக் கொன்று அந்தக் குழந்தைகளை அவர்கள் கழுத்திலேயே தொங்கவிட்டதாக மக்கபேயர் நூல் சொல்கிறது. எலெயாசார் என்ற தொண்ணூறு வயதுக் கிழவரின் வாயைத் திறந்து பன்றி மாமிசத்தைத் திணித்தார்கள், துப்பிவிட்டுச் செத்துப்போனார். அப்படிச் செத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் இதெல்லாம் வெறும் சடங்குதானே, விட்டுவிடு என்று சொன்னால் எப்படி விடுவார்கள்?

நமக்கு இது புரிய வேண்டும், மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குத்தான் அதிகம் புரிய வேண்டும். தோள்சீலைக் கலகம் எதற்காக நடந்தது? நம் பெண்கள் மாரை மறைத்துத் துணி போடும் உரிமைக்காக. வெளியூர்க்காரனுக்கு அது ஒரு முழத் துணி. நம் பூட்டிமாருக்கு அது வெறும் துணியா? 1822இல் தொடங்கி 1859 ஜூலையில் திருவிதாங்கூர் ராஜா விளம்பரம் போடும்வரை சந்தையில் துணி கிழிந்தது, பள்ளிக்கூடமும் ஜெபவீடும் எரிந்தன. அந்த விளம்பரமும் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு முடிச்சோடுதான் வந்தது. மேலில் போடுகிற துணிக்கு ஒரு ஜனம் ஏன் உயிரைக் கொடுக்கும் என்று தெரிந்த நாம், உடம்பில் போட்ட ஒரு அடையாளத்துக்கு இன்னொரு ஜனம் ஏன் உயிரைக் கொடுத்தது என்று கேலி பேசக்கூடாது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. வெளியிலிருந்து வருகிறவன் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பதில் யூதர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. அதியபேனே நாட்டு ராஜா இசாத்தேசின் கதையை யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிவைத்திருக்கிறார், ஏறக்குறைய பவுல் காலத்துச் சமாச்சாரம். ராஜாவுக்கு யூத மார்க்கத்தில் விருப்பம் வந்தது. அவருக்குப் போதித்த அனனியா என்ற யூத வியாபாரி, விருத்தசேதனம் இல்லாமலே நீர் தேவனை வணங்கலாம், குடிகள் கலகம் பண்ணிவிடுவார்கள், வேண்டாம் என்றார். அப்புறம் கலிலேயாவிலிருந்து எலெயாசார் என்று இன்னொருவர் வந்தார். (மேலே சொன்ன கிழவர் வேறு, இவர் வேறு.) ராஜா மோசேயின் நூலை வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வாசித்தால் மட்டும் போதுமா, அதில் சொன்னதைச் செய்ய வேண்டாமா என்று கேட்டார். ராஜா அப்போதே உள்ளே போய் வைத்தியரைக் கூப்பிட்டனுப்பினார். ஆக அனனியா கட்சி, எலெயாசார் கட்சி இரண்டுமே யூதர்களிடம் இருந்தவைதான். யூதன் என்றால் சட்டம், கிறிஸ்தவன் என்றால் கிருபை என்று நடுவில் கோடு கிழிப்பதெல்லாம் பிற்காலத்தில் வந்தது.

முதல் கடிதக்காரர் பிடித்துக்கொண்டிருப்பது மத்தேயு 5:17, நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்று இயேசு சொன்னது. எதிர்க்கட்சி மாற்கு 7ஐக் காட்டும், வெளியிலிருந்து உள்ளே போவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்று. இதில் ஏதாவது ஒன்று எல்லாருக்கும் சந்தேகமில்லாமல் முடிந்துபோன விஷயமாக இருந்திருந்தால், சிலுவைக்கு இருபது வருஷம் கழித்து அப்போஸ்தலர்களே எருசலேமில் கூடி வாதாட வேண்டிய அவசியம் என்ன? யோப்பாவில் பேதுரு மூன்று தரம் தரிசனம் கண்டு, செசரியாவில் ரோமப் படை அதிகாரி கொர்நேலியு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினாரே, எருசலேமில் அவரை நிறுத்திக் கேட்ட கேள்வி என்ன என்று அப்போஸ்தலர் 11இல் பாருங்கள். ஏன் ஞானஸ்நானம் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. விருத்தசேதனம் இல்லாதவர்களிடம் போய் அவர்களோடு சாப்பிட்டாயே என்றுதான் கேட்டார்கள்!

எருசலேம் கூட்டம் கி.பி. 49 வாக்கில் நடந்தது. அந்தியோகியா மோதல் அதற்கு முன்னாலா பின்னாலா என்று இன்றைக்கும் அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள், அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம். விசுவாசிகளான பரிசேயர் சிலர் எழும்பி, வருகிறவர்களுக்கு விருத்தசேதனம் வேண்டும், மோசேயின் சட்டத்தைக் கைக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்றார்கள். நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தடியை ஏன் இவர்கள் கழுத்தில் வைக்கிறீர்கள் என்று பேதுரு கேட்டார். பவுலும் பர்னபாவும் சாட்சி சொன்னார்கள். கடைசியில் யாக்கோபு ஒரு முடிவு சொன்னார், அது கடிதமாக எழுதப்பட்டு யூதா, சீலா கையில் அந்தியோகியாவுக்குப் போனது. விருத்தசேதனம் வேண்டாம். ஆனால் விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு (கழுத்து நெரிபட்டு) செத்தது, வேசித்தனம் இந்த நாலையும் விட்டு விலகியிருங்கள்.

ஏன் இந்த நாலு? கொலை, களவு, பொய்ச்சாட்சி எல்லாம் எங்கே போயிற்று? லேவியராகமம் 17, 18 அதிகாரங்களைத் திறந்தால் தெரியும். இஸ்ரவேலருக்கு மட்டுமல்லாமல் அவர்கள் நடுவில் வந்து தங்குகிற அந்நியனுக்கும் சேர்த்து விதித்தவை அங்கே வருகின்றன, அவற்றோடு இந்த நாலும் பொருந்திப் போகின்றன. அதாவது, நீ எங்களைப் போல ஆக வேண்டாம், ஆனால் நாங்கள் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்படி நாலு காரியத்தை விட்டுக்கொடு. இப்படித்தான் நான் அதை வாசிக்கிறேன். நாலில் மூன்று சாப்பாட்டு விஷயமாக இருப்பது தற்செயலா? ஒரு கட்சி விருத்தசேதனத்தை விட்டது, மறு கட்சி தட்டில் கொஞ்சம் விட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. பன்றி அந்தப் பட்டியலில் இல்லை, இரத்தம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர் ஆட்டுக்கறிக் கடைகளில் போய் நின்று பாருங்கள், முதல் ஆராதனை முடிந்து பைபிளும் கையுமாக வருகிறவர்களே தூக்குச்சட்டியில் இரத்தம் வாங்கிக்கொண்டு போகிறார்கள், தேங்காய் போட்டுப் பொரித்தால் நன்றாகத்தான் இருக்கும், நானும் தின்றிருக்கிறேன். சட்டம் எல்லாம் முடிந்தது என்கிற இரண்டாவது கடிதக்காரர், அப்போஸ்தலர்கள் கூடி, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதி அனுப்பியதற்கு என்ன சொல்வார்? முதல் கடிதக்காரர், அந்தக் கூட்டம் யூதரல்லாதவர்களுக்குச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாததற்கு என்ன சொல்வார்? ஐம்பது வருஷத்துக்கு மேல் சபைக்குப் போகிறேன், இந்த இரத்தத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை.

அந்தக் கடிதத்தோடு எல்லாம் அடங்கிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கொரிந்தியர் படைத்த மாமிசத்தைப் பற்றி ஆலோசனை கேட்கிறார்கள், பவுல் எருசலேம் கடிதத்தின் பேச்சையே எடுக்கவில்லை. கடையில் விற்கிறதை வாங்கிச் சாப்பிடு, விசாரிக்க வேண்டாம் என்கிறார். அவிசுவாசி ஒருவன் வீட்டுக்குக் கூப்பிட்டால் போ, வைத்ததைச் சாப்பிடு, இது படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் அவன் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தில் பெர்கமு சபையையும் தியத்தீரா சபையையும் படைத்ததைச் சாப்பிடுகிறவர்களை விட்டுவைத்திருக்கிறாய் என்று கடிந்துகொள்கிறார்கள். ஒரே வேதாகமம்தான், இரண்டு குரலும் அதில் இருக்கிறது, ஒன்றை அமுக்க நமக்கு அதிகாரம் கிடையாது.

பவுலையே பாருங்களேன். தீத்து கிரேக்கன், விருத்தசேதனம் செய்யவிடமாட்டேன் என்று எருசலேமிலேயே நின்றார். தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர், அம்மா யூத ஸ்திரீ, அவனுக்கு இவரே விருத்தசேதனம் செய்துவைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஆளுக்கொரு நியாயம் மாதிரி இருக்கும். இதைச் செய்தால்தான் நீ உள்ளே என்று ஒருவன் கட்டாயப்படுத்தினால் பவுல் ஒரு அங்குலம் விடமாட்டார், கட்டாயம் இல்லாத இடத்தில் எதையும் விட்டுக்கொடுப்பார். கடைசித் தடவை எருசலேமுக்குப் போனபோது, யூதர்களில் விசுவாசிகளான ஆயிரக்கணக்கானோர் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமாக இருக்கிறார்கள் என்று யாக்கோபு சொல்ல, பொருத்தனை (நேர்ச்சை) பண்ணியிருந்த நாலு பேரின் செலவை ஏற்றுக்கொண்டு பவுல் தேவாலயத்துக்குள் போனார். அங்கேதான் பிடிபட்டார். எபேசுக்காரன் துரோப்பீமுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அந்நியன் இதைத் தாண்டினால் அவன் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கிரேக்கத்தில் கல்லில் வெட்டி அங்கே தடுப்பில் பதித்திருந்தார்கள். அந்தக் கல் ஒன்று 1871இல் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எபேசியர் நிருபத்தில் வருகிற 'பிரிவினையாகிய நடுச்சுவர்' இந்தத் தடுப்பை மனதில் வைத்து எழுதியது என்று பலர் சொல்வார்கள். நமக்கு நடுச்சுவர் என்றால் எருசலேம்வரை போக வேண்டாம். மாவட்ட எல்லையைத் தாண்டினால், தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம் வந்துவிடும். பிற்காலத்தில் அங்கே கட்டிய கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து நிறுத்திய சுவர் 1910 வரை இருந்தது. பூசை ஒன்று, பீடம் ஒன்று, நடுவில் சுவர். சனியா ஞாயிறா என்று பத்தி பத்தியாக எழுதுகிற நம் ஆட்கள் இதைப் பற்றி எழுதுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

யாக்கோபு கி.பி. 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டார், 70இல் தேவாலயம் இடிந்தது, எருசலேம் சபையின் கை தாழ்ந்தது. அதற்கப்புறம் தராசுத் தட்டு அப்படியே மாறியது. 160 வாக்கில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதியதில் ஒரு இடம் உண்டு. இயேசுவையும் நம்பி மோசேயின் சட்டத்தையும் கைக்கொள்கிறவன் இரட்சிக்கப்படுவானா என்று திரிபோ என்ற யூதர் கேட்கிறார். மற்றவர்களையும் கட்டாயப்படுத்தாதவரை இரட்சிக்கப்படுவான் என்பது என் எண்ணம் என்கிறார் ஜஸ்டின். அப்படிப்பட்டவர்களோடு பேச்சும் வைக்காத, வீட்டில் சேர்க்காத கிறிஸ்தவர்களும் உண்டு, எனக்கு அதில் சம்மதம் இல்லை என்றும் சொல்கிறார். பாருங்கள், நூறு வருஷத்தில் பந்தியிலிருந்து எழுகிறவன் யார் என்பதே மாறிவிட்டது. 386, 387இல் அதே அந்தியோகியாவில், யூதர்களின் பண்டிகைக்கும் உபவாசத்துக்கும் ஜெப ஆலயத்துக்குப் போகிற தன் சபையாரைக் கிறிசோஸ்தோம் என்ற குருவானவர் பிரசங்க மேடையிலிருந்து கிழித்தார். யூதர்களைப் பற்றி அவர் சொன்னவற்றை இங்கே எழுதக் கை கூசுகிறது, பின்னால் வந்தவர்கள் அந்தப் பேச்சை எதற்கெல்லாம் எடுத்தாண்டார்கள் என்று வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். குருடர்கள் என்று சுலபமாக எழுதுகிற கடிதக்காரர் அதே மேடைப்படியில்தான் கால் வைக்கிறார்.

நம் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறு உடுப்பில் வந்தது. மதுரையில் 1606இல் வந்து இறங்கிய இயேசு சபைக் குரு தத்துவபோதகர் நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் போட்டவன் அவற்றோடே கிறிஸ்தவனாகலாம் என்றார், ரோமில் 1623இல் போப்பாண்டவர் அனுமதியும் வந்தது. 1744இல் இன்னொரு போப்பாண்டவர், மலபார் சடங்குகள் என்று பேர்பெற்ற இந்த மாதிரி வழக்கங்களில் பலவற்றுக்குத் தடை போட்டார். நமக்கு அடுத்த இடையன்குடியில் இருந்த மிஷனரி கால்டுவெல் குடுமியைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார், குடுமி அந்நிய மதத்தின் முத்திரை இல்லை, ஊர்ப் பழக்கம் என்று. இன்றைக்கும் பொட்டு வைக்கலாமா, தாலி கட்டலாமா, நகை போடலாமா, பொங்கல் வைக்கலாமா, ஓணத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகலாமா என்று சபைக்குச் சபை ஒரு பட்டியல் இருக்கிறது. எருசலேமில் நாலு போதும் என்றார்கள். நம் ஆட்களிடம் நாற்பதுக்குக் குறையாது, அதில் அந்த நாலில் ஒன்றான இரத்தம் கிடையாது!

இதையெல்லாம் எழுதிவிட்டு என் கதையை மறைத்தால் நியாயம் இல்லை. நாகர்கோவிலில் படித்த காலம். மார்கழித் திருவிழாவுக்குச் சுசீந்திரத்தில் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா ஒரு தம்ளரில் பாயசம் கொண்டுவந்து, சாமிக்குப் படைத்ததுதான், குடி மக்களே என்று நீட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சட்டப்படி நான் பாஸ், படைத்தது என்று சொன்னால் சாப்பிடாதே என்று பவுல் சொன்ன வசனம் என் பக்கம்தான். ஆனால் நான் அந்த அம்மாவின் மனச்சாட்சியை நினைத்து மறுக்கவில்லை. எங்கள் சபைப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், ஊரில் போய்ச் சொல்லிவிடுவானே என்ற பயம். பேதுருவும் பயந்துதான் விலகினார் என்று பவுல் எழுதியிருக்கிறார், அந்த வார்த்தை வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தம்ளர் ஞாபகம் வரும். அந்தப் பையன் அன்றைக்கு என்னைத் தனியே கூப்பிட்டு, நீ குடித்திருந்தால் நானும் குடித்திருப்பேன் என்றான். என்னத்தைச் சொல்ல.

அதனால் என் மருமகனை நான் திட்டவில்லை. அவன் பன்றி தின்னாதது எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை, சனிக்கிழமை ஆராதிப்பதும் அவன் பாடு. ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறவனும் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்று ரோமர் 14இல் இருக்கிறது, அதை அவனுக்கும் காட்டினேன், அவனைக் கேலி பேசிய என் தம்பிக்கும் காட்டினேன். பக்கத்து இலையில் இருப்பதற்காக நீ எழுந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை என்று மட்டும் அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான், பதில் சொல்லவில்லை. பேதுருவின் பதிலும் நமக்குக் கிடைக்கவில்லை, இவன் பதிலுக்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

வருகிற மாதம் அவன் தங்கச்சி கல்யாணம். திங்கட்கிழமை வைத்திருப்பதால் நாள் பிரச்சினை இல்லை. பந்தியில் பன்றி வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லியாயிற்று, தம்பி முனகினான், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஆட்டு இரத்தமும் வேண்டாம் என்று நானே சேர்த்துச் சொன்னேன். சமையல்காரர் அது எதுக்கு என்று கேட்டார், அப்போஸ்தலர் 15ஐ அவருக்கு விளக்க நேரமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
தக்கலை அருகிலிருந்து.